வெளிநாட்டுல பிசினஸ் படிக்க அப்ளை பண்றவங்களுக்கு: என்ட்ரி ரிக்கொயர்மென்ட் பக்கத்துலேர்ந்து ஜிமேட் வரைக்கும் ஒரு நேர்மையான ரிவ்யூ

பிசினஸ் டிகிரிக்கு வெளிநாட்டு யூனிவர்சிட்டில சீட் வாங்கணும்னா யூனிவர்சிட்டிய மட்டும் பாத்தா போதாதுங்க. அதுக்கு முன்னாடி அட்மிஷன் வெப்சைட், அப்ளிகேஷன் போர்ட்டல், இங்கிலீஷ் டெஸ்ட், ஜிமேட்ங்கற பிசினஸ் மாஸ்டர்ஸ் நுழைவுத் தேர்வு, சர்டிபிகேட்ட மதிப்பிட்டு குடுக்குற ஆபீஸ், நடுவுல கன்சல்டன்ட்னு வரிசையா ஒவ்வொரு கவுன்ட்டரா தாண்டி தான் போகணும். நான் மாஸ்டர்ஸுக்கும் என் தங்கச்சி பேச்சிலர்ஸுக்கும் ஒரே சீசன்ல அப்ளை பண்ணதால ரெண்டு ரூட்டும் பாத்தாச்சு, அதான் எல்லாத்தையும் சேத்து ஒரே ரிவ்யூவா எழுதுறேன். நான் பாக்குறது ஒரே விஷயம் தான், இந்த சர்வீஸ் தனக்கு என்ன வேணும்னு முழுசா, தெளிவா, காசு கட்டுறதுக்கு முன்னாடியே சொல்லுதா இல்லையா. டிசைன் அழகா இருக்கா, ஆப் இருக்கா, சாட்பாட் இருக்கா, இதெல்லாம் எனக்கு முக்கியமில்ல.

மொதல்ல யூனிவர்சிட்டிங்களோட என்ட்ரி ரிக்கொயர்மென்ட் பக்கம். இத ஒரு சர்வீஸா யாரும் ரிவ்யூ பண்றதில்ல, ஆனா மொத்த விளையாட்டும் இங்க தான் ஆரம்பிக்குது. பெரும்பாலான யூனிவர்சிட்டில இந்தத் தகவல் மூணு இடத்துல சிதறி கெடக்கும். "உங்க நாடு" பக்கத்துல போனா உங்க ஸ்கூல் போர்டு மார்க் இவ்ளோ இருக்கணும்னு ஒரு பொதுவான நம்பர் இருக்கும், கோர்ஸ் பக்கத்துல எந்தப் பாடம் படிச்சிருக்கணும்னு இருக்கும், இங்கிலீஷ் டெஸ்டுக்கு தனியா இன்னொரு பக்கம். நாடு பக்கத்த மட்டும் பாத்துட்டு "நமக்கு மார்க் இருக்கு, ஓகே"னு முடிவு பண்ணிடுறவங்க நிறைய பேரு. அங்க இருக்குறது யூனிவர்சிட்டி முழுசுக்கும் பொதுவான வாசல்படி. பிசினஸ் ஸ்கூலுக்கு உள்ள போக அதுக்கு மேல இன்னொரு படி இருக்கும், சில சமயம் அந்த ரெண்டு படிக்கும் நடுவுல பெரிய உயரம்.

தங்கச்சிக்கு ஒரு யூனிவர்சிட்டியோட பக்கத்த நாங்க படிச்ச விதத்த அப்படியே சொல்றேன், பேரு வேண்டாம். நாடு பக்கத்துல மார்க் சரியா இருந்துச்சு. கோர்ஸ் பக்கத்துக்கு போனா மேல பெரிய எழுத்துல கிரேடு மட்டும், அதுக்குக் கீழ ஒரு சின்ன பிளஸ் குறி, அத அழுத்துனா தான் தெறக்குது, உள்ள நாலாவது வரில "கணக்கு பாடத்துல இந்த கிரேடு கட்டாயம்"னு இருக்கு. மேனேஜ்மென்ட் கோர்ஸுக்கு கணக்கு கேக்கல, ஆனா அதே ஸ்கூல்ல ஃபினான்ஸ், எக்கனாமிக்ஸ் சேந்த கோர்ஸுக்கு கேக்குறாங்க. ஒரே பில்டிங், ஒரே டீன், பேருல ஒரு வார்த்தை வித்தியாசம், ஆனா ரிக்கொயர்மென்ட் மொத்தமா வேற. இவ்ளோ முக்கியமான ஒரு கண்டிஷன மூடி வச்ச பெட்டிக்குள்ள போடுறது ரொம்ப தப்புன்னு நான் உறுதியா நெனைக்கிறேன், ஏன்னா கணக்கு எடுக்காம ஸ்கூல் முடிச்ச ஒரு பிள்ளைக்கு அது அப்புறமா சரி பண்ணிக்கிற விஷயமே இல்ல.

கணக்கு விஷயத்த இன்னும் கொஞ்சம் சொல்லணும், பிசினஸ்னா கணக்கு தேவையில்லங்கற நெனப்பு இன்னும் இருக்கு. கனடால டொரான்டோ யூனிவர்சிட்டியோட ராட்மன் காமர்ஸ் ஸ்கூல் பசங்ககிட்ட கால்குலஸ் கேக்குது. நெதர்லாந்துல ரிசர்ச் யூனிவர்சிட்டிங்களோட பிசினஸ் கோர்ஸ்களுக்கு பெரும்பாலும் கணக்கு தகுதி இல்லாம நகர முடியாது. ஐபி டிப்ளமா (இன்டர்நேஷனல் பக்கலோரியேட்ங்கற சர்வதேச ஸ்கூல் படிப்பு) படிக்கிறவங்களுக்கு இன்னொரு சிக்கல், 2019-லேர்ந்து அதுல கணக்கு ரெண்டு வகையா பிரிஞ்சிருச்சு, ஒண்ணு அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ், இன்னொண்ணு அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரிட்டேஷன். ஒவ்வொண்ணுலயும் ஹையர் லெவல், ஸ்டாண்டர்ட் லெவல்னு வேற இருக்கு. ரெண்டாவது வகைய ஸ்டாண்டர்ட் லெவல்ல எடுத்தவங்கள சில எக்கனாமிக்ஸ், ஃபினான்ஸ் கோர்ஸ் ஏத்துக்கறதில்ல, ஆனா பக்கத்துல வெறும் "மேத்ஸ்"னு எழுதியிருந்தா எது செல்லும்னு எப்படி கண்டுபிடிக்கிறது? மத்த போர்டுலயும் இதே கதை, கணக்குன்னு பேரு இருக்குற ரெண்டு பாடம் இருந்தா ரெண்டுமே செல்லும்னு அர்த்தமில்ல. வகை வாரியா, லெவல் வாரியா எழுதி வச்சிருக்குற யூனிவர்சிட்டிக்கு நான் கண்ண மூடிட்டு ஃபுல் மார்க் குடுப்பேன்.

அடுத்து அந்த "மினிமம்"ங்கற நம்பர். மினிமம் இருந்தா சீட் கெடைக்கும்னு யாரும் எழுதலீங்க, நாமளா அப்படி படிச்சுக்கறோம். அந்த நம்பர் இருந்தா உங்க ஃபைல தெறந்து பாப்பாங்க, அவ்ளோ தான். போட்டி அதிகமான பிசினஸ் கோர்ஸ்ல சேர்றவங்க மார்க் அதுக்கு நல்லா மேல இருக்கும். "கிளாஸ் புரொஃபைல்"னு ஒரு பக்கம் நிறைய பிசினஸ் ஸ்கூல் போடுறாங்க, அதுல சராசரி ஜிமேட், சராசரி வேலை அனுபவம், எந்தெந்த டிகிரிலேர்ந்து வந்தாங்கன்னு இருக்கும். ரிக்கொயர்மென்ட் பக்கத்த விட அது தான் உண்மையான நெலவரத்த சொல்லுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல தெறந்து வச்சு படிங்க. அதோட பக்கம் எந்த வருஷ அட்மிஷனுக்குன்னு மேல போட்டிருக்கும், அதையும் பாத்துருங்க, கூகுள் பழைய வருஷ பிடிஎஃப்ப தூக்கிட்டு வந்து மொதல்ல காட்டும்.

போர்ட்டலுக்கு வருவோம். யூகாஸ், பிரிட்டன்ல பேச்சிலர்ஸ் படிக்கிறவங்க அனேகமா எல்லாரும் போற வழி. எனக்கு இது ரொம்ப புடிச்சுது. அஞ்சு கோர்ஸ் வரைக்கும் போடலாம், கடைசி தேதி எல்லாருக்கும் ஒண்ணு (2026 அட்மிஷனுக்கு ஜனவரி 14, ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜுக்கும் பெரும்பாலான மருத்துவப் படிப்புக்கும் முந்தின அக்டோபர் 15), ஆஃபர் வந்ததும் ஒண்ண ஃபர்மா (மொத சாய்ஸா) வச்சுக்கிட்டு இன்னொண்ண இன்ஷூரன்ஸா (மாத்து சாய்ஸா) வச்சுக்கலாம், மார்க் கொறஞ்சா ரெண்டாவது கைல இருக்கும். ஜனவரிய தவறவிட்டாலும் ஜூலைல கிளியரிங் (மிச்சம் இருக்குற எடத்த நெரப்புற சுற்று) தெறக்குது, ஆனா நல்ல பிசினஸ் கோர்ஸ்ல அப்போ எடம் இருக்கும்னு நம்பி உக்காராதீங்க, விசாவுக்கும் டைம் பத்தாது.

2026 அட்மிஷன்லேர்ந்து பர்சனல் ஸ்டேட்மென்ட் மாறியிருக்கு. முன்னாடி ஒரே நீளமான கட்டுரை, இப்போ மூணு கேள்வி: இந்தக் கோர்ஸ் ஏன் படிக்கணும், உங்க படிப்பு இதுக்கு உங்கள எப்படி தயார் பண்ணுச்சு, படிப்புக்கு வெளிய என்ன பண்ணீங்க. ஒவ்வொண்ணுக்கும் கொறஞ்சது 350 எழுத்து, மொத்தம் 4000 எழுத்துக்குள்ள. வெளிநாட்டு மாணவர்களுக்கு இது பெரிய உதவின்னு நெனைக்கிறேன், ஏன்னா அந்த ஊர் கட்டுரை எப்படி எழுதணும்னு தெரியாதவங்களும் கேள்விக்கு பதில் எழுதிடலாம். ஒரு குறை சொல்லணும்னா அஞ்சு கோர்ஸுக்கும் அதே ஸ்டேட்மென்ட் தான் போகும். மூணு மேனேஜ்மென்ட், ரெண்டு சைக்காலஜின்னு கலந்து போட்டா எந்தப் பக்கமும் நம்பும்படி எழுத முடியாது. பிசினஸ்ன்னா பிசினஸ் பக்கமே நில்லுங்க. மாஸ்டர்ஸுக்கு பெரும்பாலும் யூகாஸ் கெடையாது, யூனிவர்சிட்டி வெப்சைட்லயே நேரா போடணும்.

ஒரே ஃபார்ம்ல பல காலேஜுக்கு போடுற அமெரிக்காவோட காமன் ஆப் பத்தி சுருக்கமா முடிச்சுக்கறேன். ஆயிரத்துக்கும் மேல காலேஜ், 20 வரைக்கும் சேத்துக்கலாம், மெயின் கட்டுரை 650 வார்த்தை, ஓட்டம் நல்லாவே இருக்கு. ஆனா பிசினஸ்காரங்களுக்கு முக்கியமான கேள்விக்கு பதில் அங்க இல்ல, அந்தந்த காலேஜ் பக்கத்துல தான் இருக்கு: மொத வருஷமே பிசினஸ் ஸ்கூல்ல சேத்துக்கறாங்களா, இல்ல மொதல்ல யூனிவர்சிட்டில சேந்துட்டு, கால்குலஸ், எக்கனாமிக்ஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ் எல்லாம் முடிச்சு, நல்ல ஜிபிஏ (சராசரி கிரேடு) காட்டி, மறுபடி பிசினஸ் ஸ்கூலுக்கு தனியா அப்ளை பண்ணணுமா? ரெண்டாவது வகைல சேந்து, அப்புறம் பிசினஸ் ஸ்கூல்ல எடம் கெடைக்கலன்னா வேற மேஜர் (முக்கியப் பாடம்) தான். மொத வருஷமே சேத்துக்கறதுக்கு பேரான "டைரக்ட் அட்மிட்"ங்கற வார்த்தைய அந்தப் பக்கத்துல தேடிப் பாருங்க. எஸ்ஏடின்னு அமெரிக்க காலேஜ் நுழைவுத் தேர்வு, அதுவும் காலேஜுக்கு காலேஜ் வேற, கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி சிஸ்டம் அட்மிஷனுக்கு அத பாக்கறதே இல்ல, இத்தாலில போக்கோனி யூனிவர்சிட்டி தன்னோட சொந்த டெஸ்ட் இல்லன்னா எஸ்ஏடி மாதிரி ஒரு டெஸ்ட் கேக்குது.

நெதர்லாந்துக்கு போடுறவங்க ஸ்டடிலிங்க்ங்கற அந்த நாட்டு போர்ட்டல் வழியா போகணும், எடம் கொறைவான கோர்ஸுக்கு நியூமரஸ் ஃபிக்சஸ்னு பேரு, ராட்டர்டாம் ஸ்கூல் ஆஃப் மேனேஜ்மென்டோட இன்டர்நேஷனல் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் அந்த வகை. அதுக்கு கடைசி தேதி ஜனவரி 15, மத்த கோர்ஸ் தேதிய பாத்துட்டு மே வரைக்கும் டைம் இருக்குன்னு நெனைச்சா போச்சு.

இப்போ ஜெர்மனி, யூனி-அசிஸ்ட். இதப் பத்தி நிறைய பேர் கோவமா பேசுவாங்க, நான் கொஞ்சம் ஆதரிச்சு தான் பேசப் போறேன். யூனி-அசிஸ்ட் சீட் குடுக்கற எடம் இல்ல, உங்க சர்டிபிகேட் ஜெர்மன் தகுதிக்கு சமமான்னு பாத்து யூனிவர்சிட்டிக்கு சொல்ற எடம். பரிசீலனைக்கு 4 லேர்ந்து 6 வாரம் ஆகும்னு அவங்களே சொல்லிடறாங்க, ஆனாலும் கடைசி வாரத்துல அனுப்பிட்டு கத்துறவங்க தான் ஜாஸ்தி. குளிர்கால செமஸ்டருக்கு பல எடத்துல ஜூலை 15 கடைசி தேதி, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அனுப்பிட்டா டென்ஷன் இல்ல. சில யூனிவர்சிட்டிக்கு விபிடின்னு ஒரு முன்சோதனை பேப்பர் மட்டும் இவங்ககிட்ட வாங்கிட்டு அப்ளிகேஷன யூனிவர்சிட்டிலயே நேரா போடணும், அந்த வித்தியாசத்த கோர்ஸ் பக்கத்துல கவனிங்க.

இங்க நான் மதிக்கிறது என்னன்னா கணக்கு வெளிப்படையா இருக்கு. உங்க மார்க்க ஜெர்மன் கிரேடா மாத்த ஒரு ஃபார்முலா இருக்கு, மாடிஃபைட் பவேரியன் ஃபார்முலான்னு பேரு. முழு மார்க்லேர்ந்து நீங்க வாங்குன மார்க்க கழிங்க, அத முழு மார்க்லேர்ந்து பாஸ் மார்க்க கழிச்சா வர்றதால வகுங்க, மூணால பெருக்கி ஒண்ணு கூட்டுங்க. 100-க்கு 80 வாங்கியிருக்கீங்க, பாஸ் மார்க் 40-ன்னா 20-ஐ 60-ஆல வகுத்து, மூணால பெருக்குனா 1, கூட ஒண்ணு சேத்தா 2.0. அதே 80, ஆனா பாஸ் மார்க் 50-ன்னா 2.2 வருது. ஜெர்மனில 1.0 தான் பெஸ்ட், 4.0 தான் பாஸ், அதனால 2.2 மோசம். கோர்ஸோட கட்-ஆஃப் 2.0-ன்னா மொதல் ஆள் உள்ள, ரெண்டாவது ஆள் வெளிய. அதனால உங்க மார்க் ஷீட்ல, இல்ல யூனிவர்சிட்டி குடுக்குற ஒரு லெட்டர்ல, பாஸ் மார்க் என்னன்னு தெளிவா அச்சுல இருக்கணும். அத வாங்கி வைக்காம அப்ளை பண்ணாதீங்க.

ஸ்கூல் முடிச்சு நேரா ஜெர்மனில பேச்சிலர்ஸ் போறவங்க இன்னொண்ணு பாக்கணும், உங்க ஸ்கூல் சர்டிபிகேட் நேரடியா செல்லுமா செல்லாதான்னு அனபின்ங்கற டேட்டாபேஸ்ல இருக்கு. செல்லாதுன்னா ஸ்டூடியன்கொலேக்ன்னு ஒரு தயாரிப்பு வருஷம் படிக்கணும், பிசினஸ், எக்கனாமிக்ஸ்காரங்களுக்கு அதுல டபிள்யூ-குர்ஸ்னு தனி பிரிவு, கணக்கு, எக்கனாமிக்ஸ், ஜெர்மன் மொழி எல்லாம் படிச்சு கடைசில பரீட்சை எழுதணும். இத நஷ்டமா நெனைக்கறவங்க உண்டு. எனக்கு அப்படி தோணல, பிசினஸ் பேச்சிலர்ஸ் அங்க பெரும்பாலும் ஜெர்மன் மொழில தான் நடக்குது, அந்த ஒரு வருஷம் இல்லாம நேரா கிளாஸ்ல போய் உக்காந்தா தான் நஷ்டம்.

மாஸ்டர்ஸ் போறவங்களுக்கு ஐரோப்பா முழுக்க இருக்குற விஷயம் ஈசிடிஎஸ் கிரெடிட். ஒரு முழு வருஷப் படிப்பு 60 கிரெடிட், மூணு வருஷ டிகிரின்னா 180. சில மாஸ்டர்ஸ் 180 போதும்ங்கும், சிலது 210 இல்ல 240 கேக்கும். அதோட விடாம, உங்க டிகிரில பிசினஸ் பாடம் இத்தன கிரெடிட், ஸ்டாடிஸ்டிக்ஸ், கணக்கு இத்தன கிரெடிட் இருந்திருக்கணும்னு தனியா கேப்பாங்க. இன்ஜினியரிங் முடிச்சவங்க கணக்குல தப்பிச்சிடுவாங்க, பிசினஸ் பாடத்துல மாட்டுவாங்க, காமர்ஸ் முடிச்சவங்களுக்கு சில சமயம் தலைகீழ். என்னோட மார்க் ஷீட்ல ஒரு பேப்பரோட பேரு பொத்தாம்பொதுவா இருந்துச்சு, பாத்தா ஸ்டாடிஸ்டிக்ஸ்னே தெரியாது, ஆனா சிலபஸ்ல யூனிட் யூனிட்டா ப்ராபபிலிட்டி, ரிக்ரெஷன், ஹைப்பாதசிஸ் டெஸ்டிங்தான். அந்த சிலபஸ் பக்கங்கள காலேஜ்ல சீல் போட்டு வாங்கி வரி வாரியா மார்க் பண்ணி அனுப்புனேன், ஏத்துக்கிட்டாங்க. பேரப் பாத்து கிரெடிட் குடுக்க மாட்டாங்க, உள்ளடக்கத்த பாத்து குடுப்பாங்க, அத காட்ட வேண்டியது நம்ம வேலை.

இங்கிலீஷ் டெஸ்ட் ரிவ்யூ. ஐஈஎல்டிஎஸ் தான் இன்னமும் எல்லா எடத்துலயும் கேள்வியே இல்லாம செல்லுது, அதுக்கே அதுக்கு பாதி மார்க். அகடமிக் எடுக்கணும், ஜெனரல் ட்ரெயினிங் இல்ல, ரிசல்ட் 2 வருஷம் செல்லும். எல்லாரும் ஓவரால் பேண்ட (மொத்த மார்க்க) தான் பாக்குறாங்க, அங்க தான் அடி விழுது. ஒருத்தர் லிசனிங் 8, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 5.5 வாங்குறாருன்னு வைங்க. கூட்டுனா 27, நாலால வகுத்தா 6.75, அது மேல ரவுண்டாகி ஓவரால் 7.0. கோர்ஸ் கேக்குறது "ஓவரால் 6.5, எதுலயும் 6.0-க்கு கொறையக் கூடாது". ஓவரால்ல அரை பேண்ட் ஜாஸ்தியாவே இருந்தும் ரைட்டிங்ல நின்னுடுச்சு. அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது, ப்ராக்டிஸ் டைம்ல பாதிய ரைட்டிங்குக்கு குடுங்க. லிசனிங்ல 8 எடுத்தவங்க 8.5-க்கு உழைக்கறது இந்த விஷயத்துல வீண்.

இப்போ ஒன் ஸ்கில் ரீடேக்னு ஒரு வசதி இருக்கு, கம்ப்யூட்டர்ல எழுதுனவங்க ஒரு பகுதிய மட்டும் 60 நாளுக்குள்ள திரும்ப எழுதலாம். மேல சொன்ன ஆளுக்கு இது வரம். ஆனா எல்லா யூனிவர்சிட்டியும் அத ஏத்துக்கறதில்ல, பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேட்டுக்கணும். டோஃபல் 2026 ஜனவரிலேர்ந்து 1 லேர்ந்து 6 வரைக்குமான புது ஸ்கேலுக்கு மாறிருச்சு, கொஞ்ச காலம் பழைய 120 ஸ்கேல் மார்க்கும் சேத்து குடுக்குறாங்க, யூனிவர்சிட்டி பக்கத்துல பழைய நம்பர் மட்டும் இருந்தா கொழம்ப வேண்டாம். பிடிஇ 10 லேர்ந்து 90, கம்ப்யூட்டர் திருத்துறது, ரிசல்ட் சீக்கிரம். டுவோலிங்கோ வீட்லேர்ந்தே ஒரு மணி நேரத்துல எழுதிடலாம், ரெண்டு நாள்ல ரிசல்ட், சுலபமான சர்வீஸ், மறுக்கல. ஆனா யூனிவர்சிட்டி ஏத்துக்கறது வேற, விசா ஆபீஸ் ஏத்துக்கறது வேற. ஆஸ்திரேலியா விசாவுக்கு டுவோலிங்கோ செல்லாது. பிரிட்டன்ல டிகிரி லெவல்னா யூனிவர்சிட்டியே இங்கிலீஷ மதிப்பிட்டுக்கலாம், ஆனா ஃபவுண்டேஷன் இயர் (மொத வருஷத்துக்கு முன்னாடி வர்ற தயாரிப்பு வருஷம்) மாதிரி டிகிரிக்கு கீழ உள்ள படிப்புன்னா ஐஈஎல்டிஎஸ் ஃபார் யூகேவிஐ மாதிரி அரசாங்கம் அங்கீகரிச்ச டெஸ்ட் வேணும், கேள்வித்தாள் அதே தான், புக் பண்ணும்போது தேர்ந்தெடுக்கறது வேற. இந்த ஒரு விஷயத்துக்காகவே ரெண்டு தடவ டெஸ்ட் எழுதுனவங்கள எனக்கு தெரியும், பாக்கவே பாவமா இருக்கும்.

மாஸ்டர்ஸ்காரங்களுக்கு ஜிமேட். புது வடிவம் 2023 நவம்பர்ல வந்துச்சு, பழசு 2024 ஜனவரியோட முடிஞ்சுது. இப்போ மூணு பகுதி, குவான்ட் (கணக்கு), வெர்பல் (மொழி), டேட்டா இன்சைட்ஸ் (தரவு அலசல்), ஒவ்வொண்ணும் 45 நிமிஷம், மொத்தம் 64 கேள்வி. கட்டுரை இல்ல, சென்டன்ஸ் கரெக்‌ஷன் இல்ல, ஜியாமெட்ரி இல்ல. ஒரு பகுதிக்கு மூணு விடை வரைக்கும் திரும்பிப் போய் மாத்தலாம். மார்க்க பாத்ததுக்கு அப்புறம் எந்த ஸ்கூலுக்கு அனுப்பணும்னு முடிவு பண்ணலாம், 48 மணி நேரத்துக்குள்ள அஞ்சு ஸ்கூலுக்கு இலவசம். மனசார சொல்றேன், பழசுக்கு இது எவ்வளவோ மேல். இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்கள வாட்டி எடுத்தது சென்டன்ஸ் கரெக்‌ஷன் தான், அது போனதே பெரிய நிம்மதி. குவான்ட்ல கால்குலேட்டர் கெடையாது, டேட்டா இன்சைட்ஸ்ல மட்டும் ஸ்க்ரீன்ல இருக்கும்.

கொழப்பம் வர்றது மார்க்ல. பழைய ஸ்கேல் 200 லேர்ந்து 800, புதுசு 205 லேர்ந்து 805, புதுசுல எல்லா மார்க்கும் 5-ல முடியும், பாத்ததும் எது எதுன்னு கண்டுபிடிச்சிடலாம். ஆனா ரெண்டும் ஒண்ணில்ல. புது 645 ஏறக்குறைய பழைய 700-க்கு சமம். பழைய வீடியோ, பழைய கோச்சிங் நோட்ஸ் பாத்துட்டு "700 இல்லன்னா வேஸ்ட்"னு 655 வாங்கிட்டு அழுதவங்கள நானே சமாதானப்படுத்தியிருக்கேன், அவங்க வாங்குனது நல்ல மார்க். பல துறை மாஸ்டர்ஸுக்கும் பொதுவான நுழைவுத் தேர்வான ஜிஆர்ஈயையும் இப்போ நிறைய பிசினஸ் ஸ்கூல் ஏத்துக்கறாங்க, அதுவும் 2023 செப்டம்பர்லேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கம்மியா சுருங்கிருச்சு, குவான்ட்ல கால்குலேட்டரும் உண்டு. பிசினஸ் தவிர வேற துறைக்கும் போடுறவங்க ஜிஆர்ஈ எடுங்க, பிசினஸ் மட்டும்னா ஜிமேட். ரெண்டும் 5 வருஷம் செல்லும்ங்கறதால படிக்கிற பழக்கம் விடுறதுக்குள்ள எழுதி வச்சிட்டு வேலைக்கு போறது நல்ல முடிவு.

வேலைக்கு போறதுன்னதும் எம்பிஏ விஷயம். எம்பிஏ வேற, மாஸ்டர்ஸ் இன் மேனேஜ்மென்ட் வேற. எம்பிஏவுக்கு அங்கீகாரம் குடுக்குற ஆம்பாங்கற அமைப்போட அங்கீகாரம் உள்ள எம்பிஏல சேர கொறஞ்சது மூணு வருஷ வேலை அனுபவம் எதிர்பாக்குறாங்க. படிச்சு முடிச்ச உடனே போறவங்களுக்கு மாஸ்டர்ஸ் இன் மேனேஜ்மென்ட் தான் சரி. அனுபவமே கேக்காம எம்பிஏ குடுக்கறேன்னு ஒரு எடம் சொன்னா அது ஆம்பா, ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ்ங்கற மூணு அங்கீகாரத்துல எது வச்சிருக்குன்னு அந்தந்த அமைப்போட சொந்த வெப்சைட்ல தேடுங்க, காலேஜ் பக்கத்துல இருக்குற லோகோவ நம்பாதீங்க.

அடுத்து, வெளிநாட்டு சர்டிபிகேட்ட மதிப்பிட்டு குடுக்குற டபிள்யூஈஎஸ். அந்த மதிப்பீடு அமெரிக்கா, கனடாவுல கேக்குற எடத்துக்கு மட்டும். கேக்காத எடத்துக்கு பணம் செலவு பண்ணாதீங்க. கேட்டா "கோர்ஸ்-பை-கோர்ஸ்" வகை எடுங்க, டாக்குமென்ட்-பை-டாக்குமென்ட் வாங்குனா ஜிபிஏ வராது, மாஸ்டர்ஸுக்கு பிரயோஜனமில்ல. இதுல உண்மையான தாமதம் டபிள்யூஈஎஸ்ல இல்ல, நம்ம யூனிவர்சிட்டி நேரா அனுப்ப வேண்டிய டிரான்ஸ்கிரிப்ட்ல தான், அந்த வேலைய மொதல் நாளே ஆரம்பிச்சுருங்க.

கன்சல்டன்ட். பேரு சொல்லப் போறதில்ல, ஆனா நடந்தத சொல்லணும். தங்கச்சிக்கு "இலவச சர்வீஸ்"னு ஒரு எடத்துக்கு போனோம். அவ ஆசப்பட்ட ஸ்கூல் பேர சொன்னா "அங்க ரிஸ்க்"னாங்க, அவங்க குடுத்த லிஸ்ட்ல இருந்ததெல்லாம் அவங்க டை-அப் வச்சிருக்குற எடம், அதுல பாதி ஃபவுண்டேஷன் இயரோட. நேரா மொத வருஷத்துல சேர அவளுக்கு தகுதி இருக்குன்னு யூனிவர்சிட்டி பக்கத்துலயே இருந்துச்சு, அத பிரிண்ட் எடுத்து காட்டுனதுக்கு அப்புறம் தான் பேச்சு மாறுச்சு. சேந்த மாணவர்களுக்கு யூனிவர்சிட்டிகிட்ட கமிஷன் வாங்கறது இந்தத் தொழில்ல சகஜம், அது தப்புன்னு சொல்லல, ஆனா யார்கிட்ட கமிஷன் வாங்குறீங்கன்னு கேட்டா சொல்லணும். சொல்லாதவங்ககிட்ட ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் குடுக்காதீங்க, போர்ட்டல் பாஸ்வேர்டையும் குடுக்காதீங்க. அப்ளிகேஷன்ல போடுற இமெயில் உங்களோடதா இருக்கணும், அவங்களோடதா இருந்தா ஆஃபர் வந்ததே உங்களுக்கு அவங்க சொல்லி தான் தெரியும்.

கடைசியா, இந்த லிஸ்ட்லயே பெஸ்ட்னு நான் சொல்றது யூனிவர்சிட்டியோட அட்மிஷன்ஸ் இமெயில். பைசா செலவில்ல, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ள பதில் வந்துடுது, எழுத்துல இருக்குறதால அப்புறம் காட்டலாம். சப்ஜெக்ட் லைன்ல கோர்ஸோட முழுப் பேரு, கோட், எந்த வருஷ அட்மிஷன்னு போடுங்க. உள்ள கத வேண்டாம், உங்க போர்டு, கணக்கு பாடத்தோட சரியான பேரு, மார்க், இங்கிலீஷ் டெஸ்ட்ல நாலு பகுதி மார்க்கும் எழுதிட்டு, ஆமா இல்லன்னு பதில் சொல்ற மாதிரி கேள்வி கேளுங்க: இந்தக் கணக்கு பாடம் உங்க கண்டிஷனுக்கு செல்லுமா, ஒன் ஸ்கில் ரீடேக் ஏத்துக்கறீங்களா, மூணு வருஷ டிகிரி போதுமா. "என் புரொஃபைலுக்கு சீட் கெடைக்குமா"ன்னு கேட்டா "அப்ளை பண்ணுங்க, பரிசீலிக்கிறோம்"னு தான் வரும், ஆனா இப்படி கேட்டா அந்த ஆபீஸ்ல உக்காந்திருக்குறவங்க ரொம்ப பொறுமையா, சில சமயம் நாம கேக்காத தகவலையும் சேத்து சொல்றாங்க. தங்கச்சிக்கு வந்த பதில்ல, அதே ஸ்கூல்ல கணக்கு கண்டிஷன் இல்லாத இன்னொரு கோர்ஸோட லிங்க்கும் கீழ இருந்துச்சு. அவ இப்போ படிக்கிறது அந்தக் கோர்ஸ் தான்.